ஆக்ஸிலேட்டரும் பெட்ரோல் கணக்கும்

ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, லாரி வாடகை, தரகு என்று சரக்கின் மீது விழும் ஒவ்வொரு செலவையும் தனித்தனியே எழுதிப் பார்க்கும் பழக்கம் நமக்கு உண்டு. சொந்த வண்டி வைத்திருப்பவர்கள் பெட்ரோலை மட்டும் "வண்டிச் செலவு" என்று ஒரே வரியில் எழுதிப் பக்கத்தைப் புரட்டி விடுகிறோம். தினம் 40 கிலோமீட்டர் ஓடும் ஒரு சிறு வேனை எடுத்துக் கொள்ளுங்கள். வருடத்தில் 300 நாள் ஓடினால் 12,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுத்தால் 857 லிட்டர் ஆகும். அதே வண்டி 11 கொடுத்தால் 1,091 லிட்டர். வித்தியாசம் 234 லிட்டர். கணக்குக்காக லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் 23,400 ரூபாய். இந்தத் தொகை கையில் நிற்க எத்தனை மூட்டை சர்க்கரை விற்க வேண்டும் என்பதை வணிக நண்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த 14க்கும் 11க்கும் உள்ள இடைவெளியில் டயர் காற்று, அதிகப் பாரம், நெரிசல் எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் மிகுதியும் இரண்டு இடங்களில் தீர்மானம் ஆகிறது. ஒன்று டிரைவரின் வலது கால். மற்றொன்று அந்தக் கால் எவ்வளவு மிதித்திருக்கிறது என்பதை அறிந்து பெட்ரோல் அளக்கும் கருவி. பழைய கார்புரேட்டர் காலத்துப் பழக்கத்தை வைத்துக் கொண்டு புதிய இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு "ட்யூனிங்" செய்யப் போய்ப் பலர் கைப்பணத்தை இழக்கிறார்கள். ஆகவே இந்த விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன். நான் பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்தவன், மெக்கானிக் அல்ல. ஆனாலும் நாற்பது ஆண்டுகளாக வண்டி வைத்து வியாபாரம் செய்பவன், கேட்டும் படித்தும் அறிந்து கொண்டவை இவை.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிக் கொள்வோம். பெட்ரோல் வண்டியில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் பெட்ரோல் திறந்து விடப்படுகிறது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறோம். உண்மையில் திறப்பது காற்றுக் கதவு. இன்ஜினுக்குள் காற்று போகும் குழாயின் நடுவே நாணயம் போன்ற வட்டமான ஒரு தகடு அச்சில் சுழல்கிறது. அதற்குப் பெயர் த்ராட்டில். மிதிக்க மிதிக்க அது திரும்பி வழி விடுகிறது. உள்ளே வரும் காற்றுக்கு ஏற்ற பெட்ரோலைச் சேர்ப்பது வேறொருவர் வேலை. பெட்ரோல் முழுதாக எரிய, ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும் என்பது கணக்கு. ஒரு லிட்டர் பெட்ரோலை எரிக்க ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று தேவைப்படும். நாம் காசு கொடுத்து வாங்குவது பெட்ரோலை. ஆனால் இன்ஜினுக்குள் போகும் சரக்கில் மிகப் பெரும்பகுதி இலவசக் காற்றுதான். அந்தக் காற்றுக்குச் சரியாகப் பெட்ரோலை நிறுத்துப் போடுவதில்தான் மைலேஜ் இருக்கிறது.

கார்புரேட்டர் இந்த வேலையைச் செய்த விதம் அழகானது. 1980இல் வந்த டி.வி.எஸ். 50ஐ ஓட்டியவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. அத்தகைய வண்டியில் ஆக்ஸிலேட்டரைத் திருகினால் ஒரு ஸ்லைடு மேலே எழும்பும். அதன் அடியில் தொங்கும் ஊசியும் கூடவே எழும்பும். ஊசி கீழே கூராகவும் மேலே தடிப்பாகவும் இருப்பதால், எழும்ப எழும்பப் பெட்ரோல் துளையின் வாய் பெரிதாகும். கொஞ்சமாகத் திறந்திருக்கும்போது ஸ்லோ ஜெட், நடுவில் ஊசி, முழுதாகத் திறந்தால் மெயின் ஜெட் என்று மூன்று பேர் மாறி மாறிப் பொறுப்பு ஏற்பார்கள். மெக்கானிக் ஒரு ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் கொண்டு, சத்தத்தைக் காதால் கேட்டே மிக்சர் ஸ்க்ரூவை அரைச் சுற்று, கால் சுற்று திருப்பி வண்டியைச் சரி செய்து விடுவார். அது ஒரு கைத்தொழில், மறுப்பதற்கில்லை. ஆனால் படியால் அளப்பதற்கும் தராசில் நிறுப்பதற்கும் உள்ள வித்தியாசம் அதில் இருந்தது. வெயில், மழை, மலை, தேய்ந்த ஜெட் எதையும் கார்புரேட்டர் அறியாது. அதிகமாகப் போன பெட்ரோல் புகையாக வெளியே வந்தது.

புகைக் கட்டுப்பாடு வந்ததும் அந்தக் காலம் முடிந்தது. 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேடலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயம் ஆயிற்று. 2000ஆம் ஆண்டையொட்டிக் கார்களில் இன்ஜெக்‌ஷன் பரவியது. 2017 ஏப்ரலில் பி.எஸ். 4, 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தன. அரிசி மூட்டையைக் குறுக்கே போட்டுக் கொண்டு போகும் எக்ஸ்.எல். 100 வண்டியிலும் 2020 முதல் இன்ஜெக்‌ஷன்தான். ஆகவே நம் கடை வாசலில் நிற்கும் புதிய வண்டி ஒவ்வொன்றிலும் ஒரு சிறு கம்ப்யூட்டர் பெட்டி உட்கார்ந்து கணக்கு எழுதிக் கொண்டிருக்கிறது.

அந்தக் கணக்கப்பிள்ளைக்குக் கண் இல்லை. டிரைவர் எவ்வளவு மிதித்தார் என்பதைச் சொல்ல த்ராட்டில் அச்சின் ஓரத்தில் ஒரு சென்சார் பொருத்தியிருக்கிறார்கள். பழைய வால்வு ரேடியோவில் சத்தத்தைக் கூட்டக் குறைக்கத் திருகும் குமிழ் இருந்ததே, ஏறக்குறைய அதே பொருள்தான். ஒரு பக்கம் 5 வோல்ட் மின்சாரம் கொடுத்தால், அச்சு திரும்பிய அளவுக்கு ஏற்ப ஒரு வோல்ட் வெளியே வரும். பெரும்பாலான வண்டிகளில் கதவு மூடியிருக்கும்போது அரை வோல்ட் அளவும், முழுதாகத் திறந்தால் நாலரை வோல்ட் அளவும் காட்டும். ஏன் பூஜ்யத்தில் தொடங்கி ஐந்தில் முடியவில்லை என்று கேட்கலாம். ஒயர் அறுந்தால் பூஜ்யம் காட்டும், ஒயர்கள் ஒட்டிக் கொண்டால் ஐந்து காட்டும். அந்த இரண்டும் கோளாறு என்று கம்ப்யூட்டர் உடனே கண்டுபிடித்து விளக்கை எரிய விடுவதற்காகவே இரு ஓரங்களையும் காலியாக விட்டிருக்கிறார்கள். நல்ல யோசனை.

கதவு எவ்வளவு திறந்திருக்கிறது, இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று ஓடுகிறது என்ற இரண்டும் தெரிந்தால் உள்ளே எவ்வளவு காற்று போகும் என்பதை முன்கூட்டியே அளந்து ஓர் அட்டவணை போட்டு விடலாம். ஜெர்மனியின் பாஷ் கம்பெனி 1980களின் இறுதியில் சிறு கார்களுக்காகக் கொண்டுவந்த மோனோ ஜெட்ரானிக் என்ற ஏற்பாடு இப்படித்தான் வேலை செய்தது. கதவின் நிலைக்கு 15 வரிசை, சுற்று வேகத்துக்கு 15 வரிசை, ஆக 225 கட்டங்கள் கொண்ட பேரேடு. ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிய பெட்ரோல் அளவு முன்பே எழுதியிருக்கும். இரண்டு கட்டங்களுக்கு நடுவே வந்தால், நாம் கால் கிலோவுக்கும் அரைக் கிலோவுக்கும் இடையே விலை போடுவது போல, கம்ப்யூட்டர் இடைக்கணக்குப் போட்டுக் கொள்ளும். இன்ஜெக்டர் என்பது ஒரு நுண்ணிய குழாய்த் திறப்பான். அது எத்தனை மில்லி செகண்டு திறந்திருக்கிறதோ அதுவே பெட்ரோலின் அளவு. மில்லி செகண்டு என்பது ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இன்றைய பல சிலிண்டர் வண்டிகளில் சிலிண்டருக்கு ஓர் இன்ஜெக்டர் உண்டு. நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது ஒரு சிலிண்டருக்கு நொடிக்கு 25 தடவை இப்படி அளந்து போடுகிறது. எந்தக் கடைப் பையனாலும் முடியாத வேகம்.

இதில் வியாபாரி கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. கதவு திறக்கும் அளவும் உள்ளே போகும் காற்றின் அளவும் சமமாக ஏறுவதில்லை. கடை ஷட்டர் முழுதாக மூடியிருக்கும்போது ஓரடி தூக்கினால் எவ்வளவு பெரிய மாறுதல்! பாதிக்கு மேல் தூக்கிய ஷட்டரை இன்னும் ஓரடி தூக்கினால் வருகிற ஆளின் எண்ணிக்கை கூடுவதில்லை. த்ராட்டிலும் அப்படித்தான். தொடக்கத்தில் சில டிகிரி திரும்பினாலே காற்று பல மடங்கு கூடும். கடைசிப் பாதியில், குறிப்பாக இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது, எவ்வளவு மிதித்தாலும் காற்று அதிகம் கூடாது. இதனால்தான் மோனோ ஜெட்ரானிக் சென்சாரில் முதல் 24 டிகிரிக்கென்றே தனிப் பட்டை ஒன்று வைத்து மிக நுணுக்கமாக அளந்தார்கள்.

ஆகவே சென்சாரின் பூஜ்யம் சரியாக இருப்பது மிக மிக முக்கியம். வெறும் தட்டில் முள் நேராக நிற்காத தராசில் நிறுத்தால் என்ன ஆகும்? ஒரு மூட்டை நிறுக்கும்போது அந்த ஐம்பது கிராம் பெரிதாகத் தெரியாது. நூறு கிராம் ஏலக்காய் நிறுத்தால் வியாபாரமே போய்விடும். த்ராட்டில் சென்சாரின் சிறு பிசகும் முழு வேகத்தில் தெரியாது; கொஞ்சமாக மிதித்து ஓட்டும் நேரத்தில்தான் கெடுக்கும். தெருத்தெருவாக நின்று நின்று சரக்குப் போடும் நம் வண்டிகள் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் ஓடுகின்றன.

எங்கள் மார்க்கெட்டில் அரிசி வியாபாரம் செய்யும் நண்பரின் பழைய வேனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். சிக்னலில் நின்றால் இன்ஜின் ஏறி இறங்கி அலைந்தது. ஒரு மெக்கானிக் த்ராட்டில் சென்சாரின் இரண்டு திருகாணிகளையும் தளர்த்தி, பழைய மிக்சர் ஸ்க்ரூவைத் திருப்புவது போலச் சற்றே திருப்பி, சத்தம் சீரானதும் இறுக்கி விட்டார். "அண்ணாச்சி, இனி ஒரு தொந்தரவும் வராது" என்று சொல்லியனுப்பினார். சத்தம் சீரானது உண்மைதான். ஆனால் அடுத்த மாதக் கணக்கில் 14 கொடுத்த வண்டி 11 கொடுத்தது. பிறகு ஸ்கேனர் வைத்திருக்கும் பட்டறையில் பார்த்தார்கள். காலை எடுத்த நிலையிலும் கதவு 6 சதவீதம் திறந்திருப்பதாகச் சென்சார் பொய் சொல்லிக் கொண்டிருந்தது. டிரைவர் எப்போதும் கொஞ்சம் மிதித்திருக்கிறார் என்று நம்பி, கம்ப்யூட்டர் கூடுதலாகவே பெட்ரோல் வழங்கிக் கொண்டிருந்தது. முதலில் இருந்த கோளாறு என்ன தெரியுமா? த்ராட்டில் தகட்டின் ஓரத்தில் படிந்த கரி. துடைத்துச் சென்சாரைப் பழைய இடத்தில் வைத்ததும் வேலை முடிந்தது. மெக்கானிக் மேல் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவருக்குத் தெரிந்த வித்தை கார்புரேட்டர் வித்தை.

கதவின் நிலையை மட்டும் நம்பிப் பெட்ரோல் அளப்பதில் ஒரு குறை இருக்கிறது. ஊட்டி ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரம். அங்கே காற்று ஐந்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைவு. கதவு அதே அளவு திறந்திருந்தாலும் உள்ளே போகும் காற்றின் எடை குறைந்து விடும். அதனால் இன்றைய வண்டிகள் பெரும்பாலானவற்றில் காற்றுக் குழாயின் அழுத்தத்தைப் பார்க்கத் தனிச் சென்சாரும், புகைக் குழாயில் மிச்சப் பிராணவாயுவைப் பார்க்க ஆக்சிஜன் சென்சாரும் உண்டு. முன்னது சரக்கு உள்ளே வரும்போது எடை பார்ப்பது. பின்னது விற்பனை முடிந்த பிறகு இருப்பைச் சரிபார்ப்பது. பெட்ரோல் கூடினால் ஆக்சிஜன் சென்சார் 0.9 வோல்ட் பக்கம் போகும், குறைந்தால் 0.1 பக்கம் வரும். அதைப் பார்த்துக் கம்ப்யூட்டர் தன் அட்டவணையைத் திருத்திக் கொண்டே இருக்கும். இந்த ஏற்பாட்டில் த்ராட்டில் சென்சார் தனி முதலாளியாக இல்லாமல் பங்காளியாக இருக்கிறது. ஆனாலும் மூன்று வேளைகளில் அதன் சொல்லே செல்லும். அந்த மூன்றும் டிரைவரின் காலைப் பொறுத்தவை.

திடீரென்று மிதிக்கும்போது காற்று சட்டென்று உள்ளே பாயும். பெட்ரோலில் ஒரு பகுதி குழாய்ச் சுவரில் ஒட்டிக் கொண்டு பின்தங்கும். அதை ஈடுகட்ட, த்ராட்டில் வேகமாகத் திறப்பதைக் கண்டதும் கம்ப்யூட்டர் கொசுறு போடும். சிக்னலில் நின்றபடி உறுமவிட்டு ரேஸ் பண்ணுகிற ஒவ்வொரு தடவையும் இந்தக் கொசுறு கணக்கில் ஏறும். ஸ்டார்ட் செய்வதற்கு முன் இரண்டு மூன்று தடவை மிதிக்கும் பழக்கம் பம்ப் வைத்த பழைய கார்புரேட்டருக்கு உரியது. இன்ஜெக்‌ஷன் வண்டியில் அதனால் எதுவும் ஆகாது, கால்தான் வலிக்கும்.

இரண்டாவது, அடிமட்டம் வரை மிதிப்பது. கதவு ஏறக்குறைய முழுதாகத் திறந்ததும், டிரைவருக்கு முழு இழுவை வேண்டும் என்று முடிவு செய்து, 14.7 கணக்கை விட்டுவிட்டு ஒரு கிலோ பெட்ரோலுக்கு 13 கிலோ காற்று என்ற அளவில் கெட்டியாகக் கலக்கும். அப்போது ஆக்சிஜன் சென்சாரின் பேச்சைக் கேட்காது. பாரத்தோடு மேம்பாலம் ஏறும்போது டாப் கியரிலேயே அழுத்திக் கொண்டு போகும் டிரைவருக்கு இந்தக் கெட்டிக் கலவைதான் கிடைக்கிறது. இழுவை கூடாது, பெட்ரோல்தான் கூடும். ஒரு கியர் இறக்கி, காலைச் சற்றுத் தளர்த்தினால் அதே மேட்டை வண்டி சுலபமாக ஏறும்.

மூன்றாவது நமக்கு லாபமானது. மலையிலிருந்து உருளைக்கிழங்கும் கேரட்டும் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குபவர்கள் நியூட்ரலில் விட்டு இறங்கினால் மிச்சம் என்று நினைக்கிறார்கள். அது ஆபத்து என்பது ஒருபுறம் இருக்கட்டும், மிச்சமும் இல்லை. நியூட்ரலில் விட்டால் இன்ஜின் நின்றுவிடாமல் இருக்க மணிக்குச் சுமார் அரை லிட்டர் பெட்ரோல் போய்க் கொண்டே இருக்கும். கியரில் வைத்துக் காலை முழுதாக எடுத்தால், கதவு மூடியிருக்கிறது, சுற்று மட்டும் வேகமாக இருக்கிறது என்று கண்டு கம்ப்யூட்டர் இன்ஜெக்டரை அடியோடு நிறுத்தி விடும். அந்த நேரத்தில் பெட்ரோல் பூஜ்யம். சக்கரமே இன்ஜினைச் சுற்றும், பிரேக்கும் தேயாது. சுற்று 1,500, 1,200 என்று குறைந்து வரும்போது மறுபடி பெட்ரோல் தொடங்கும். மேலே சொன்ன நண்பரின் வேன் இந்தச் சலுகையையும் இழந்திருந்தது. 6 சதவீதம் திறந்திருக்கிறது என்ற பொய்யால், காலை எடுத்தாலும் கம்ப்யூட்டருக்கு அது தெரியவில்லை. (பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு இது பொருந்தாது. அதில் பெட்ரோலோடுதான் ஆயிலும் போகும். நீண்ட இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை மூடி வைத்துப் பிஸ்டன் பிடித்துக் கொண்ட கதைகள் பல உண்டு.)

இனி "மைலேஜ் பெட்டி" விற்பவர்களைப் பற்றி. சென்சார் ஒயரில் ஒரு சிறு பெட்டியை இணைத்தால் லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் கூடும் என்று கடைக்கே வந்து சொல்கிறார்கள். பெரும்பாலும் அது சென்சாரின் வோல்ட்டைக் கொஞ்சம் குறைத்துக் காட்டிப் பெட்ரோலைக் குறைக்கப் பார்க்கும் தந்திரம். சீரான வேகத்தில் ஆக்சிஜன் சென்சார் அதைக் கண்டுபிடித்துக் குறைத்ததைத் திரும்பக் கொடுத்து விடும், லாபம் இல்லை. முழுப் பாரத்தில் ஏறும்போதோ ஆக்சிஜன் சென்சாரின் காவல் இல்லை. அப்போது பெட்ரோல் குறைந்தால் சூடு ஏறி வால்வும் பிஸ்டனும் கெடும். வண்டிக்கு வாரண்டி இருந்தால் அதற்கும் சிக்கல். இன்னும் சில பெட்டிகளில் கண் சிமிட்டும் விளக்கைத் தவிர வேறெதுவும் இல்லை. அட்டவணையையே திருத்தி எழுதும் உண்மையான ட்யூனிங் என்று ஒன்று இருக்கிறது. பந்தய வண்டிக்காரர்கள் இன்ஜினை உருளை மேல் ஓட்டி, ஒவ்வொரு கட்டமாக அளந்து எழுதுவார்கள். அது அவர்கள் தொழில். உப்பும் புளியும் ஏற்றும் வண்டிக்கு அது வேண்டாம்.

எத்தனால் கலப்பையும் இங்கே சொல்லி விடுகிறேன். 2025இல் 20 சதவீதக் கலப்பு நாடெங்கும் பரவியது. எத்தனால் எரியக் காற்று குறைவாகப் போதும். அதாவது அதே காற்றுக்கு அதிக எரிபொருள் வேண்டும். இன்ஜெக்‌ஷன் வண்டி ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துத் தானே கூட்டிக் கொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு இல்லாததால் கலவை மெலிந்து போகும். எத்தனாலில் சூட்டுச் சத்து குறைவு என்பதால் மைலேஜ் சற்றுக் குறைவது இயல்பு. அதற்காகச் சென்சாரில் கை வைக்க விடாதீர்கள்.

டீசல் வண்டியின் சங்கதி வேறு. அதில் காற்றை அடைத்து வைத்து ஓட்டுவதில்லை. மிதித்தால் நேராக டீசலின் அளவே கூடும். பம்ப் ஸ்க்ரூவைத் திருகி "பிக்கப்" ஏற்றிய பழைய லாரி கரும்புகை விடுவதைப் பார்க்கிறோமே, அந்தக் கருப்பு அத்தனையும் எரியாமல் போன டீசல். இன்றைய டீசல் வண்டிகளில் மிதியிலேயே சென்சார் வந்து விட்டது. ஒன்று பொய் சொன்னால் மற்றொன்று காட்டிக் கொடுக்கும்படி இரண்டு சிக்னல்கள் அனுப்புகிறார்கள்.

அடுத்த சர்வீசுக்கு வண்டியை விடும்போது மூன்று காரியம் கேட்டுச் செய்து கொள்ளுங்கள். ஏர் பில்டரையும் த்ராட்டில் தகட்டையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். சுத்தம் செய்த பிறகோ பேட்டரி கழற்றிய பிறகோ கம்ப்யூட்டருக்கு மூடிய நிலையை மறுபடி கற்றுக் கொடுக்க வேண்டிய வண்டிகள் உண்டு. கம்பெனிப் புத்தகத்தில் சொன்னபடி செய்தார்களா என்று கேளுங்கள். கடைசியாக, இன்ஜின் சூடான பின், காலை எடுத்த நிலையில் த்ராட்டில் சென்சார் என்ன காட்டுகிறது, ஆக்சிஜன் சென்சாரை வைத்துக் கம்ப்யூட்டர் செய்யும் திருத்தம் எத்தனை சதவீதம் என்ற இரண்டு எண்களையும் ஸ்கேனரில் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். திருத்தம் 10 சதவீதத்தைத் தாண்டினால் எங்கோ காற்று ஒழுகுகிறது அல்லது இன்ஜெக்டர் அடைத்திருக்கிறது என்று தேட வேண்டும். அந்த இரண்டு எண்களையும் தேதியோடு வண்டிக் கணக்கு நோட்டில் எழுதி வையுங்கள். அதே பக்கத்தில், ஒவ்வொரு முறை டேங்க் நிரப்பும்போதும் லிட்டரையும் கிலோமீட்டரையும் குறித்து வந்தால், மைலேஜ் இறங்கிய மாதம் எது என்று டிரைவரைக் கேட்காமலே தெரிந்து விடும்.